பிரவுசருக்குள் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் – 6: 2.9 மில்லி நொடிக் கெடு

சென்ற வாரம், பக்கத்தைத் திறந்ததுமே கேட்காமல் பாடத் தொடங்கிவிடும் மிடி பாட்டுகளோடு நிறுத்தியிருந்தோம். அந்த நாளைய பிரவுசருக்குத் தெரிந்த வேலை, கொடுத்த கோப்பை வாசிப்பது மட்டும்தான். கல்யாண மண்டபத்து சவுண்ட் சர்வீஸ்காரரைப் போல. கேசட்டைக் கொடுத்தால் போடுவார். “அண்ணே, அந்தத் தவிலை மட்டும் கொஞ்சம் இறக்குங்க” என்றால் முறைப்பார். பிரவுசருக்குள் உட்கார்ந்து இசை செய்ய வேண்டுமானால் இது போதாது. ஒலி அலையை நாமே எண்களாகக் கணக்கிட்டு ஸ்பீக்கர்வரை கொண்டுபோக ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைக் கேட்டு முதலில் கதவைத் தட்டியவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த சில நிரலாளர்கள்.

2007 வாக்கில் வலையில் ஒலி என்றாலே ஃப்ளாஷ்தான். ஆனால் ஃப்ளாஷ் 9-க்கு எம்பி3 வாசிக்கத் தெரியுமே தவிர, நிரல் உண்டாக்கும் ஒலியை வாங்கி வாசிக்க வழி கிடையாது. ஆந்த்ரே மிஷெல், யோவா ஈபர்ட் இருவரும் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். ஃப்ளாஷ் தன்னுடைய கோப்பைத் திறந்தால் அதற்குள் இருக்கும் ஒலியை வாசிக்கும் அல்லவா? ஆகவே, தங்கள் எண்களை வைத்து ஒரு குட்டி ஃப்ளாஷ் கோப்பையே நினைவகத்தில் பைட் பைட்டாகக் கட்டி, ப்ளேயரிடம் நீட்டினார்கள். அது வாசித்து முடிக்கும் நேரத்துக்கு அடுத்த குட்டிக் கோப்பு தயாராக நிற்கும். பூக்காரம்மா சரம் தொடுப்பது மாதிரி. இந்த வித்தையை பாப்ஃபோர்ஜ் என்ற பெயரில் ஓப்பன் சோர்ஸாகவே வெளியிட்டார்கள்.

எல்லாமே ‘வாசித்து முடித்துவிட்டேன்’ என்று ப்ளேயர் சொல்லும் ஒரே ஒரு சேதியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ளாஷின் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு அந்தச் சேதி நேரத்துக்கு வரவில்லை. சரத்தில் இடைவெளி விழுந்தது. காதில் டிக், டிக் என்று கேட்டது. கொதித்துப்போனவர்கள் 2008-ல் ஒரு பிரச்சாரமே தொடங்கினார்கள். ‘அடோபி, கொஞ்சம் சத்தம் போடு’ என்பது அதன் பெயருக்கு அர்த்தம். ஃப்ளாஷின் சொந்தக்காரரான அடோபிக்குக் காது கேட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ஃப்ளாஷ் 10-ல், ஒரு நடைக்கு 2,048 முதல் 8,192 சாம்பிள்வரை (ஒலி அலையின் ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள்) நிரலே நிரப்பிக் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது ஆடியோடூல். ரோலண்ட் கம்பெனியின் பழைய டிரம் மெஷின்களின் சாயலில் கருவிகளைத் திரையில் பரப்பி, ஒன்றின் வயரை இன்னொன்றில் மவுஸால் இழுத்துச் செருகி இசை செய்யும் தளம் அது. அதன் மூல நிரல் பொதுவில் இல்லை. ஆனாலும் பிரவுசர் ஒரு ஸ்டூடியோ ஆக முடியும் என்று பலருக்குக் காட்டியது அதுதான்.

ஆனால் ஃப்ளாஷ் வாடகை வீடு. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனுக்குள் அதை ஏன் விடமாட்டோம் என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-ல் அடோபியும் கைகழுவியது. 2021 ஜனவரி 12 முதல் ப்ளேயர் எதையும் ஓட்ட மறுத்தது. ஆடியோடூல் ஃப்ளாஷ் இல்லாமல் மறுபடி எழுதப்பட்டுப் பிழைத்துக்கொண்டது. அப்படி மறுபடி எழுத ஆளில்லாத சின்னச் சின்ன இசைப் பக்கங்கள் ஊமையாகிப் போயின.

இதற்குள் இன்னொரு பக்கம் வேலை தொடங்கியிருந்தது. டொரொன்டோவின் செனெகா கல்லூரியில் பாடம் நடத்தும் டேவிட் ஹம்ஃப்ரியும் அவருடைய கூட்டாளிகளும் ஃபயர்ஃபாக்ஸின் மூல நிரலிலேயே கைவைத்தார்கள். அடோபியிடம் மனுப் போட வேண்டியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸை இறக்கி, திருத்தி, ‘இதோ பாருங்கள், ஓடுகிறது’ என்று காட்ட முடிந்தது. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4, ஆடியோ டேட்டா ஏபிஐ என்ற வசதியோடு வந்தது. அதன் சித்தாந்தம் ஒரே வரி: எண்களை நீ கொடு, நான் வாசிக்கிறேன்.

கூகுளில் இருந்த கிறிஸ் ராஜர்ஸ் இதற்கு நேர் எதிர். ஆப்பிளில் ஒலி மென்பொருள் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஜாவாஸ்கிரிப்ட்டை நம்பி ஒலிக்கணக்கை ஒப்படைத்தால் உருப்படாது என்பது அவருடைய கட்சி. ஆகவே ஆயத்தப் பெட்டிகளை பிரவுசரே தர வேண்டும்: ஒலி எழுப்ப ஒரு ஆஸிலேட்டர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கெய்ன், வடிகட்ட ஒரு ஃபில்டர், எதிரொலிக்கு ஒரு டிலே. உள்ளே வேகமான சி++ நிரல். வெளியே நாம் செய்வது வயர் இழுப்பது மட்டும். 2011 டிசம்பர் 15-ல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி இரண்டு வரைவுகளை ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று ராஜர்ஸின் வெப் ஆடியோ ஏபிஐ. இன்னொன்று மொஸில்லாவின் ராபர்ட் ஓ’கலஹன் எழுதிய மாற்று யோசனை. ராஜர்ஸ் கை ஓங்கியது. குரோமிலும் சஃபாரியிலும் அவருடைய ஏபிஐ ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது ஒரு காரணம். 2013 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 25-ம் அதையே ஏற்றுக்கொண்டது.

பொதுஜனம் இதைக் கண்ணால் பார்த்தது 2012 மே 23. சிந்தசைசர் பிதாமகர் ராபர்ட் மூகின் 78-வது பிறந்தநாள். கூகுள் முகப்பில் லோகோ இருக்கும் இடத்தில் ஒரு மினி மூக் உட்கார்ந்திருந்தது. குமிழ்களைத் திருகலாம், கட்டைகளை அழுத்தலாம், பக்கத்தில் இருந்த நாலு டிராக் டேப் ரெக்கார்டரில் பதிவும் செய்யலாம். குரோமில் அது வெப் ஆடியோவில் ஓடியது. அந்த வசதி இல்லாத பிரவுசரில் வேறு வழியில்லாமல் ஃப்ளாஷ்!

ஒரு சின்ன வருத்தத்தையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ராஜர்ஸின் முதல் வடிவத்தில் ஒலியைத் தொடங்க ‘நோட் ஆன்’, நிறுத்த ‘நோட் ஆஃப்’ என்று கட்டளைகள் இருந்தன. வாத்தியம் வாசிப்பவன் பேச்சு அது. பிறகு கமிட்டி கூடி ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ என்று மாற்றியது. தரப்படுத்துவது நியாயம்தான். ஆனால் பழைய பெயரில் எழுதிவிட்டுப் போனவர்களின் பக்கங்கள் பிற்பாடு ஒவ்வொன்றாக வாயடைத்தன. மாற்றி எழுத அவர்கள் அங்கே இல்லை.

இனி அசல் சிக்கலுக்கு வருவோம். அதற்கு ஒரு சின்னக் கணக்கு வேண்டும்.

நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் ஒரு பாட்டு. ஒரு தட்டுக்கு அரை நொடி. அதை நாலாகப் பிரித்தால் ஒரு ஹை-ஹாட் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 125 மில்லி நொடி. புதிதாக எழுத வருகிறவர் என்ன செய்வார்? ஜாவாஸ்கிரிப்ட்டின் டைமரிடம் ‘125 மில்லி நொடிக்கு ஒரு தடவை என்னை எழுப்பு’ என்று சொல்லிவிட்டு, எழுந்ததும் ஓர் அடி அடிப்பார். பக்கம் அசையாமல் இருக்கும்வரை பரவாயில்லை. யாராவது ஸ்க்ரோல் செய்தால் டைமர் கொஞ்சம் பொறுத்து எழுப்பும், 140-ல், 133-ல் என்று. கையில் தாளம் போட்டுப் பழகிய எவருக்கும் அந்த நொண்டல் உடனே பிடிபடும். அடுத்த டேபுக்குப் போய் மெயில் பார்த்தால் இன்னும் மோசம். பின்னால் தள்ளப்பட்ட டேபின் டைமரை குரோம் நொடிக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிடும். பேட்டரி மிச்சம். டிரம்ஸ் காலி.

2013-ல் கூகுளின் கிறிஸ் வில்சன் இதற்கு ஒரு வழி எழுதினார். பிரவுசரில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டினுடையது சோம்பேறி. ஒலி அட்டையினுடையது துல்லியம். சோம்பேறியை 25 மில்லி நொடிக்கு ஒரு தடவை எழுப்பி, அடுத்த 100 மில்லி நொடிக்குள் விழ வேண்டிய அடிகளை மட்டும் முன்கூட்டியே துல்லியக் கடிகாரத்திடம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் தாமதமாக எழுந்தாலும் கையில் இருப்பு இருக்கும், தாளம் தப்பாது. மொத்தப் பாட்டையும் ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிடலாமே என்றால், நடுவில் வேகத்தை மாற்ற முடியாமல் போகும். இன்று நீங்கள் பிரவுசரில் பார்க்கும் அநேக டிரம் மெஷின்களின் அடியில் இந்த உத்திதான் ஓடுகிறது. டைமரைத் தனி வொர்க்கரில் போட்டு டேப் தொல்லையையும் சமாளித்தார்கள்.

அடியை நேரத்துக்கு வைத்தாயிற்று. ஆனால் பிரவுசர் தராத ஒரு பெட்டியை, சொந்தமாக ஒரு சிந்தசைசரை, எழுத வேண்டும் என்றால்?

குறுந்தட்டுத் தரத்தில் ஒரு நொடி ஒலி 44,100 சாம்பிள். வெப் ஆடியோ அதை 128 சாம்பிள் கொண்ட பொட்டலங்களாகக் கட்டி வாங்குகிறது. 128-ஐ 44,100-ஆல் வகுத்தால் 2.9 மில்லி நொடி. நொடிக்கு சுமார் 344 பொட்டலங்கள். ஒவ்வொன்றும் அந்தக் கெடுவுக்குள் தயாராக வேண்டும். படம் வரைவதில் ஒரு சட்டம் தவறினால் கண் மன்னிக்கும். ஒலியில் ஒரு பொட்டலம் தவறினால் ‘டப்’ என்று வெடிக்கும்.

ராஜர்ஸின் வடிவமைப்பு 2011-க்குச் சரி, 2015-க்குப் போதாது என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். சொந்தப் பெட்டி எழுத அது விட்டிருந்த ஒரே ஜன்னல் ஸ்கிரிப்ட் ப்ராசஸர். அது ஓடியது, திரையை வரைகிற, மவுஸைக் கவனிக்கிற அதே முதன்மை இழையில். ஒரே அடுப்பில் சாம்பாரும் அப்பளமும். அப்பளம் கருகாமல் இருக்க என்ன செய்தார்கள் என்றால், 4,096 சாம்பிள்போலப் பெரிய பொட்டலமாகக் கட்டி அனுப்பினார்கள். வெடிப்பு குறைந்தது, தாமதம் ஏறியது. 4,096 சாம்பிள் என்றால் 93 மில்லி நொடி. கட்டையை இப்போது அழுத்தினால் சத்தம் பிறகு வரும். வாசிக்கிறவருக்கு அது கிணற்றுக்குள் வாசிப்பது போல.

தீர்வாக, ஒலிக்கென்றே தனி இழையில் நம் நிரலை ஓட்டும் ஆடியோ வொர்க்லெட் 2018 ஏப்ரலில் குரோம் 66-ல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2020-ல், சஃபாரிக்கு 2021-ல். குரோம் 66-க்கு முந்தைய ஆண்டே வெப் அசெம்பிளி பெரிய பிரவுசர்கள் நான்கிலும் வந்துவிட்டிருந்தது. சி, சி++ நிரல்களை பிரவுசருக்குள் ஓட்ட முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நடுநடுவே நினைவகக் குப்பை அள்ள நிற்கும் தொந்தரவும் அதில் இல்லை. 1980-களில் எம்ஐடியில் பிறந்த சிசவுண்ட், பிரான்ஸின் லியோன் நகரத்து கிராம் மையம் உருவாக்கிய ஃபௌஸ்ட் மொழி என்று, டெஸ்க்டாப்பில் பல்லாண்டு புழங்கிய ஓப்பன் சோர்ஸ் இசைக் கருவிகள் வரிசையாகக் குடிபெயர்ந்தன. மூலம் திறந்திருந்ததால்தான் அவற்றை யாரையும் கேட்காமல் மூட்டை கட்ட முடிந்தது.

எல்லாம் கைகூடி வந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த 2018-ஐ மறுபடி பாருங்கள்.

ஜனவரி 3. இன்டெல் உள்ளிட்ட செயலிகளில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள் வெளியாயின. ஒரு வேலை எத்தனை நேரம் எடுக்கிறது என்று நுணுக்கமாக அளந்தே, பார்க்கக்கூடாத நினைவகத்தைத் திருடன் ஊகித்துவிடலாம். அதற்கு அவனுக்கு ஒரு துல்லியமான கடிகாரம் வேண்டும். பிரவுசரில் அப்படி ஒரு கடிகாரத்தைக் கட்ட எளிய வழி, ஷேர்டு அர்ரே பஃபர். இரண்டு இழைகள் பொதுவாக எழுதிப் படிக்கும் கரும்பலகை அது. ஒரு இழை அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் எண்ணிக்கொண்டே போனால் போதும், இன்னொரு இழைக்கு அதுவே கடிகாரம். சில நாட்களுக்குள் பிரவுசர்கள் அந்தக் கரும்பலகையைப் பிடுங்கிவிட்டன. ஒலி இழையும் திரை இழையும் பேசிக்கொள்ள இசைக்காரர்கள் நம்பியிருந்ததும் அதே பலகைதான். தன் பக்கத்தை மற்ற தளங்களின் சரக்கிலிருந்து முழுக்கத் தனிமைப்படுத்திக்கொள்ளும் தளங்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஃபயர்ஃபாக்ஸ் அதை 2020 ஜூலையில்தான் திருப்பித் தந்தது.

ஏப்ரல். வொர்க்லெட்டைக் கொண்டுவந்த அதே குரோம் 66, தானாகப் பாடும் விளம்பர வீடியோக்களை அடக்க ஒரு சட்டமும் கொண்டுவந்தது: பயனர் ஒரு தடவை சொடுக்காமல் ஒலி கிடையாது. நல்ல சட்டம். ஆனால் வெப் ஆடியோவில் எழுதப்பட்ட விளையாட்டுகளும் கலைப் படைப்புகளும் ஏராளமாக அதில் அடிபட்டு மௌனமாயின. கூச்சல் எழுந்ததும் மே மாதமே வெப் ஆடியோவுக்கு மட்டும் பின்வாங்கினார்கள். டிசம்பரில் குரோம் 71-ல் மறுபடி வந்தது. இன்று இசைத் தளம் எதைத் திறந்தாலும் ‘தொடங்க இங்கே தட்டவும்’ என்று ஒரு பொத்தான் வழிமறிக்கிறதே, அதன் பூர்வீகம் இது.

பிரவுசர்காரர்கள்மீது கோபப்பட்டுப் பயனில்லை. முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை, உங்கள் வங்கிக் கணக்கு திறந்திருக்கும் அதே மெஷினில் ஓட்ட வேண்டிய பாவப்பட்ட வேலை அவர்களுடையது. யாரையும் நம்பாமல் இருப்பதே அவர்களுக்குப் பிழைப்பு. இசைக்கு வேண்டியதோ துல்லியமான நேரமும், கருவிகளோடு நேரடி உறவும். வேவு பார்க்கிறவனுக்கு வேண்டியதும் அதேதான்.

இதற்குச் சாட்சி பிரின்ஸ்டனில் கிடைத்தது. ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும், சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் 2016-ல் பத்து லட்சம் தளங்களை அலசினார்கள். சில தளங்களில் வெப் ஆடியோவை விசித்திரமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒரு ஆஸிலேட்டரை ஓட்டுவார்கள், ஆனால் சத்தத்தை ஸ்பீக்கருக்கு விடமாட்டார்கள். வெளிவரும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மெஷினுக்கு மெஷின் அந்த எண்கள் நூலிழை வித்தியாசப்படும். அதை வைத்து, குக்கீ இல்லாமலே, ‘இவர்தான் நேற்று வந்தவர்’ என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். வாசிக்காத ஸ்வரத்திலிருந்து கைரேகை!

வெப் ஆடியோ ஏபிஐ டபிள்யூ3சியின் முழு அங்கீகாரம் பெற்ற தேதி 2021 ஜூன் 17. முதல் வரைவிலிருந்து ஒன்பதரை ஆண்டு.

இந்தத் தரையின்மேல் எழுந்தவற்றில் யோட்டம் மானின் டோன்.ஜேஎஸ் நூலகம், நீஸ் நகரத்து மிஷெல் புஃபாவின் குழு ஆராய்ச்சிக்காகக் கட்டிய வாம் ஸ்டூடியோ, க்ரிட்சவுண்ட் எல்லாம் தனித்தனியே எழுதத் தக்கவை. இரண்டை மட்டும் இங்கே தொடுகிறேன்.

முதலாவது ஸ்ட்ரூடல். ஷெஃபீல்டின் அலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கெல் மொழியில் உருவாக்கிய டைடல் சைக்கிள்ஸை, 2022-ல் பிரவுசருக்குக் கொண்டுவந்த வடிவம். மேடையிலேயே நிரல் எழுதி எழுதி வாசிப்பது. அதன் உரிமம் ஏஜிபிஎல். சாதாரண ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் ஒரு சந்து உண்டு. நிரலை எடுத்துத் திருத்தி, யாருக்கும் பிரதி கொடுக்காமல், தன் சர்வரில் வைத்துச் சேவையாக ஓட்டினால் திருத்தத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஏஜிபிஎல் அந்தச் சந்தை அடைக்கிறது. வலைவழியே பயன்படுத்துகிறவருக்கும் மூலம் கொடு என்கிறது. பிரவுசர் மென்பொருளுக்கு இந்த ஷரத்துதான் உயிர்.

இரண்டாவது, 2025-ல் பொதுமக்கள் கைக்கு வந்த ஓப்பன்டா. டிராக், மிக்சர், பியானோ ரோல் எல்லாம் கொண்ட முழு ஸ்டூடியோ. டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டது. ஒலி வேலை முழுக்க வொர்க்லெட்டில், இழைகளுக்கு நடுவே அந்தப் பழைய கரும்பலகை. வெளி நூலகங்களை முடிந்தவரை தவிர்ப்பது கொள்கை. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை, பின்தொடர்தல் இல்லை. மூல நிரல் முழுதும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. எழுதத் தொடங்கியவர் யார் தெரியுமா? ஃப்ளாஷுக்குள் குட்டிக் கோப்புகளைச் சரமாகத் தொடுத்த அதே ஆந்த்ரே மிஷெல். ஒரு கம்பெனியின் ப்ளேயர் சாகும்போது அதன்மேல் கட்டியதெல்லாம் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், இந்தத் தடவை வரைபடத்தையே ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவையும் ஐபோனில் படித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், வீட்டில் இருக்கும் மிடி கீபோர்டை அதில் செருகி, சஃபாரியில் ஒரு சிந்தசைசர் பக்கத்தைத் திறந்து ஒரு கட்டையை அழுத்திப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றும் கேட்காது. குரோமுக்கு 2015-லேயே வந்துவிட்ட ஒரு வசதி சஃபாரிக்கு ஏன் வரவில்லை என்பது அடுத்த வாரம்.